பாக்கி நின்ற கல்யாணங்கள்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில், இர்ஃபானாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது. அங்கே பகல் முழுக்க யாருக்காவது கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். நாதஸ்வரம் கேட்கும், திடீரென்று நிற்கும், கொஞ்சம் பின்னால் போய் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கேட்கும். கீழே ரொட்டி சானாய் சாப்பிட வந்த புது ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பழகியவர்கள் பார்ப்பதில்லை. "தினேஸ்வரி வேல செய்யிறா" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்ப்பார்கள்.

தினேஸ்வரி கல்யாணக் காணொளிகளை வெட்டி ஒட்டுகிறவள். அண்ணன் மகேந்திரன் கேமராவைத் தூக்கிக்கொண்டு பேராக் மாநிலம் முழுக்க அலைந்து எடுத்து வருவான். அவன் கொண்டுவந்து கொட்டும் மணிக்கணக்கான காட்சிகளிலிருந்து, வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படத்தைச் செய்து கொடுப்பது இவள் வேலை. கை சுத்தம். ஒரு பாட்டு எங்கே தொடங்க வேண்டும், ஒரு சிரிப்பு எங்கே முடிய வேண்டும் என்பது அவளுக்குத் தானாக வரும். குறை ஒன்றே ஒன்றுதான். வேலை முடியாது.

சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் கடை திறக்கும்போதே மேலே விளக்கு எரியும். ஆனால் கல்யாண வீட்டில் எல்லாரும் மேடையைப் பார்க்கும்போது, தினேஸ்வரியின் கண் மண்டபத்தின் ஓரத்துக்குப் போய்விடும். நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதில் தூங்கும் ஒரு குழந்தை. வாழ்த்திப் பேச எழுதிக்கொண்டு வந்த தாளைத் தனியாக நின்று முணுமுணுத்துப் பார்க்கும் ஒரு மாமா; கடைசி வரை அவரை மேடைக்கு யாரும் கூப்பிடவே இல்லை. முன்பின் தெரியாதவளின் தலையில் சரிந்த பூவை எட்டிச் சரிசெய்துவிட்டு எதுவும் நடக்காத மாதிரி திரும்பிக்கொள்ளும் ஓர் அம்மா. மகேந்திரனின் கேமரா மாப்பிள்ளையைத் தேடிப் போகும் வழியில் இவர்களெல்லாம் ஒரு கணம் வந்து மறைவார்கள். தினேஸ்வரி அங்கே நிறுத்துவாள். அந்த மாமா காரில் ஏறி வீட்டுக்குப் போவதும், சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து தாள் கீழே விழுவதும் அவளுக்குத் தெரியும். சன்னலுக்கு வெளியே கிளேடாங் மலையில் மேகம் இறங்கியிருக்கும். பார்த்துக்கொண்டே இருப்பாள். நினைவு வரும்போது தேநீர் ஆறி ஆடை கட்டியிருக்கும், திரையில் ஒரு வெட்டுகூட விழுந்திருக்காது.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி, பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. பள்ளியில் வாத்தியார் பெயரை உரக்கக் கூப்பிட்ட பிறகுதான் திரும்புவாள். படிப்பு முடிந்து கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். வரிசையாக வரும் வெள்ளைக் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. காற்று நிரம்பிய அந்தக் கைகளெல்லாம் யாருக்கோ டாட்டா காட்டுவது போல் தோன்ற, இவளும் ஒரு நாள் பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்ததை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். வேலை போன பிறகு அண்ணன் அவளைக் கணினி முன்னால் உட்கார வைத்தான். "நீ பாட்டுக்குப் பாத்துக்கிட்டே இரு. ஒனக்குப் புடிச்சதுதானே" என்றான். சொன்னதை அவன் பிறகு நினைத்துப் பார்த்திருப்பான்.

கல்யாணங்கள் சேர்ந்தன. ஹார்ட் டிஸ்க்குகளை பிஸ்கட் டின்களில் போட்டு, மேலே ஒட்டுத்தாளில் எழுதி வைத்தாள். பெயரும் தேதியும் எழுதியிருந்தால் பரவாயில்லை. 'சித்தியவான், யானை கேக்' என்று ஒன்று. 'மூக்குக்கண்ணாடி மாப்பிள்ளை' என்று ஒன்று. 'நல்லாச் சிரிச்சவங்க' என்று மூன்று டின்கள். யார் கேட்டாலும் "இந்த வாரம் முடிஞ்சிரும்" என்பாள். பொய்யில்லை, அவள் மனதார நம்பித்தான் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஒரு ஜோடி படியேறி வந்தது. நடுவில் இரண்டு பேர் விரலையும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை, தத்தித் தத்தி.

"அக்கா, இவளுக்கு அடுத்த வாரம் பொறந்தநாள். எங்க கல்யாணத்த அன்னைக்குப் போட்டுக் காட்டலாம்னு நெனச்சோம்" என்றாள் அந்தப் பெண்.

"கோவமா வரல அக்கா. சும்மா கேட்டுட்டுப் போலாம்னுதான்" என்றான் கணவன்.

குழந்தை தினேஸ்வரியின் முழங்காலைப் பிடித்து ஏறி, விசைப்பலகையை இரண்டு கையாலும் தட்டியது. திரையில் யாருடைய தாலியோ ஏறிப் பாதியில் நின்றது. அவர்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். போகும்போது அந்தப் பெண் "ஒடம்பப் பாத்துக்குங்க அக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே மகேந்திரன் வந்தான். நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"தினேஸ், நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. கேஎல்ல ஒருத்தன் இருக்கான், சட்டுன்னு முடிச்சுக் குடுக்குறான். பாதி டிஸ்க்க அங்க அனுப்பிருவோமா?"

அவள் டின்கள் பக்கம் திரும்பினாள். அவன் போன பிறகும் டின்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போகுமே என்ற பயம் வரவில்லை. அந்த மாமாவும், பூவைச் சரிசெய்த அம்மாவும், தூங்கிய குழந்தையும் கோலாலம்பூரில் யாரோ ஒருவன் விரலில் ஓட்டமாக ஓடித் தீர்ந்துபோவார்களே என்பதுதான் அவள் கவலை.

கீழே கடையில் கூட்டம் ஓய்ந்ததும் இர்ஃபானா மேலே ஏறி வந்தாள். தினேஸ்வரியின் வயதுதான் அவளுக்கும். வாப்பா விட்டுப்போன கடையை எடுத்து, கல்யாண விருந்துக்கு பிரியாணி அனுப்புகிற அளவுக்கு வளர்த்தவள்.

"என்னா லா, காலையிலேர்ந்து நாதஸ்வரத்தையே காணோம்? காய்ச்சலா?"

தினேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. இர்ஃபானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கைப்பேசியை எடுத்து முன்னால் நீட்டினாள்.

"இதப் பாரு. ஒனக்கும் எனக்கும் ஒரே பொழப்புதான். ஊர்ல கல்யாணம் நடந்தாத்தான் நம்ம அடுப்பு எரியும். எனக்கு வர்ற ஆர்டர் எல்லாம் இதுல இருக்கு."

திரையில் ஒரு பலகை. அதில் மூன்று வரிசைகள். 'வந்துச்சு', 'அடுப்புல', 'போயிருச்சு' என்று மேலே எழுதியிருந்தது. ஒவ்வொரு ஆர்டரும் ஒரு சின்ன அட்டை. அட்டையைத் தொட்டால் எந்த ஊர், எத்தனை பேர், காரம் எவ்வளவு என்று விரிகிறது. சமையல் தொடங்கியதும் விரலால் இழுத்து நடு வரிசையில் விடுகிறாள். லாரி கிளம்பியதும் கடைசி வரிசைக்கு.

"அவ்ளோதானா?" என்றாள் தினேஸ்வரி.

"அவ்ளோதான் லா. மண்டைக்குள்ள வச்சிருந்தப்ப லகாட்டுக்குப் போக வேண்டிய பிரியாணி சித்தியவானுக்குப் போச்சு. இப்ப மண்ட காலியா இருக்கு. நிம்மதியாத் தூங்குறேன்."

மறுநாள் தினேஸ்வரி தனக்கென்று ஒரு பலகை திறந்தாள். வரிசைகளுக்குப் பெயர் வைத்தாள்: 'காத்திருக்கு', 'பாக்குறேன்', 'வெட்டுறேன்', 'வீட்டுக்குப் போயாச்சு'. பிறகு அட்டைகளுக்கு நிறம் கொடுக்கலாம் என்று தெரிந்தது. காலையில் நடந்த கல்யாணங்களுக்கு இளமஞ்சள். கடலோரத்துக் கல்யாணங்களுக்கு ஒரு மாதிரி பச்சை. அந்தப் பச்சை சரியாக வரவில்லை. மூன்று நாள் அந்தப் பச்சையிலேயே போனது.

இர்ஃபானா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "சட்டிய அலங்காரம் பண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்க! எத்தன அட்ட நகந்துச்சு?"

"ஒண்ணும் நகரல."

"மொதல்ல அந்தப் பாப்பா வீட்டு அட்டைய நகத்து."

அந்தப் படம் பிறந்தநாளுக்குப் போய்ச் சேர்ந்தது. கேக் வெட்டுகிற இடத்தில், தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று குழந்தை தன் அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு புகைப்படம் வந்தது. தினேஸ்வரி அந்த அட்டையைக் கடைசி வரிசைக்கு இழுத்தாள். ஒரு சின்ன அசைவுதான். ஆனால் தோளில் இருந்து யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. எழுந்து சன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். டின்களைத் திறந்து டிஸ்க்குகளுக்கு ஒழுங்கான பெயர் வைத்தாள். நாளைப் பிரித்துப் போட ஒரு நாட்காட்டிச் செயலி. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குப் போகச் சொல்லி ஒலிக்கும் மணி. மணிச் சத்தம் அவளைத் திடுக்கிட வைத்ததால் தவளைச் சத்தத்துக்கு மாற்றிக்கொண்டாள். கீழே சாப்பிடுகிறவர்கள் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்கள். எடுத்த காட்சிகளையெல்லாம் கேட்டு, எங்கே பேச்சு, எங்கே பாட்டு, எங்கே சிரிப்பு என்று குறித்துத் தருகிற ஒரு மென்பொருளையும் இறக்கி வைத்தாள். அது பல இடங்களில் தப்பாக எழுதியது. கெட்டிமேளத்தை ஒரு முறை 'பட்டாசு' என்றது. இருந்தாலும், அத்தைமார்கள் மொய் எழுதும் மேசையில் வம்பளக்கிற இடத்தை நொடியில் காட்டிக் கொடுத்தது.

ஆனால் பத்து நாளில் தினேஸ்வரிக்கு வாடிப்போன மாதிரி ஆகிவிட்டது. தவளை கத்தினால் அடுத்தது, கத்தினால் அடுத்தது. ஓரத்தில் நிற்கிறவர்கள் வந்து வந்து போனார்கள், இவள் நிறுத்தவில்லை. ஒரு மத்தியானம் நாட்காட்டியைத் திறந்து, சாப்பாட்டுக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தை நீல நிறத்தில் அடைத்தாள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்தாள். 'சும்மா' என்று எழுதினாள்.

அந்த நீல மணி நேரம் வந்தால் அவள் விருப்பம்போல் அலையலாம். யாரைப் பின்தொடர்ந்தும் எந்த வீட்டுக்கும் போகலாம். தவளை கத்தும் வரை அவளை எவரும் கேட்க முடியாது, அவளே கூட. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, காலை நேரத்தில் கனவு அவளைத் தொந்தரவு செய்வது குறைந்தது. மத்தியானம் வரை பொறுமையாகக் காத்திருக்கப் பழகிக்கொண்டது.

அட்டைகள் நகர்ந்தன. மகேந்திரன் ஒரு நாள் பலகையைப் பார்த்தான். "இவ்வளவு கல்யாணமா நான் எடுத்தேன்?" என்று அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கேஎல் ஆளைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

'காத்திருக்கு' வரிசையில் அடிமட்டத்தில் கிடந்தது பிரமிளாவின் அட்டை. லகாட்டில் நடந்த கல்யாணம். எல்லாவற்றிலும் பழையது. ஒரு முறைகூட யாரும் கேட்டு வரவில்லை. தினேஸ்வரி முதலில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அழைத்தாள்.

 "அக்கா, நாங்க பிரிஞ்சிட்டோம்" என்றாள் பிரமிளா. குரலில் அழுகை இல்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே பேசுகிற மாதிரி இருந்தது.

"ஐயோ, தெரியாம கூப்ட்டுட்டேன்மா. நான் லேட் பண்ணுனதுக்கு..."

"லேட்டானது நல்லதுதான் அக்கா. அப்பவே வந்திருந்தா ஒடச்சுப் போட்டிருப்பேன்."

"அழிச்சிரவா?"

"வேணாம்... தெரியல. சொல்றேன்."

நாலைந்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சாப்பாடு ஆச்சா என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "அக்கா, அன்னைக்கு மழ பெஞ்சுச்சு. ஞாபகம் இருக்கா? நீங்க வரல, ஆனா பாத்திருப்பீங்கல்ல. தாலி கட்டி முடிச்சதும் கொட்டுச்சு. அந்த மழைய மட்டும் எனக்குக் குடுக்க முடியுமா? ஆளுங்க வேணாம். அவரும் வேணாம், நானும் வேணாம். மழ மட்டும்."

ஏன் என்று தினேஸ்வரி கேட்கவில்லை. "முடியும்மா" என்றாள்.

அந்த டிஸ்க்கை 'சும்மா' நேரத்தில் திறந்தாள். மென்பொருளில் 'மழை' என்று தேடினாள், ஒன்றும் வரவில்லை. மழையே இல்லை என்றது. அவளுக்குப் புரியவில்லை. அது குறித்து வைத்திருந்ததையெல்லாம் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். பேச்சு, பாட்டு, பேச்சு. பிறகு 'கைதட்டல்' என்று ஒன்று. அதுவும் எவ்வளவு நீளம்! அரை மணிக்கு மேலாக யாரோ விடாமல் கைதட்டுகிறார்கள். அழுத்தினாள். மண்டபத்தின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தினேஸ்வரி தனியாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அது அவள் காதுக்கும் கைதட்டலாகவே கேட்டது.

அன்றைக்குத் தவளை கத்தியதை அவள் கேட்கவில்லை. பந்தலின் விளிம்பிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்குவதை வெட்டி எடுத்தாள். கார்களின் முதுகில் துளிகள் குதிப்பதை. வாசலில் கட்டிய வாழைமரம் இலையைத் தாழ்த்திக் கொடுத்துக் கொடுத்து நிமிர்வதை. நனைந்த கோலம் சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து, காலணிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துச் சாக்கடைக்குப் போவதை. மேற்கே, ஈயம் தோண்டிய லம்பங்கள் இருந்த இடத்தில் தேங்கிய குளங்கள் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. மகேந்திரன் மழையில் மாட்டிக்கொண்டு, வேறு வேலையில்லாமல் அதையெல்லாம் எடுத்திருக்கிறான். மனித முகம் ஒன்றுகூட இல்லாமல் அவளால் அந்தப் படத்தைச் செய்ய முடிந்தது. ஓர் இடத்தில் மட்டும் தயங்கினாள். கூரைக்கு வெளியே ஒரு கை நீண்டு மழையை வாங்குகிறது. உள்ளங்கையில் மருதாணி. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். கடைசியில் வைத்தாள்.

பிரமிளா ஒரு புதன்கிழமை மத்தியானம் நேரில் வந்தாள். பல் கிளினிக் ஒன்றில் தாதி. சீருடையோடு, கையில் தாப்பாவ் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்திருந்தாள். ஒல்லியான, ரொம்பவும் களைத்த பெண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தினேஸ்வரி திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள்.

அறை முழுக்க மழைச் சத்தம். பிரமிளா அசையவில்லை. கை வந்த இடத்தில் மட்டும் லேசாக முன்னால் சாய்ந்தாள்.

"இது என் கைதானே?"

"ஆமாம்மா. வேணாம்னா எடுத்திடறேன். நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க."

பிரமிளா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "இருக்கட்டும் அக்கா. இதுல மோதிரம் தெரியல."

படம் முடிந்ததும் சொன்னாள்: "தாலி கட்டுனப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, இது சரியா வராதுன்னு. யார்கிட்ட சொல்றது? அப்பதான் மழ கொட்டுச்சு. எல்லாரும் வெளிய கெடந்த நாற்காலியத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. என்னைய யாருமே பாக்கல. அந்தக் கொஞ்ச நேரம் நான் பாட்டுக்கு நின்னேன். அது மட்டும் என்னோடது மாதிரி இருந்துச்சு."

 தினேஸ்வரி மென்பொருள் எழுதியிருந்ததைத் திரையில் கொண்டுவந்து காட்டினாள். "இதப் பாருங்க. கம்ப்யூட்டரு மழைய கைதட்டல்னு எழுதி வச்சிருக்கு."

பிரமிளா அதைப் படித்தாள். மெதுவாகச் சிரித்தாள். "யாருக்குத் தட்டுச்சோ" என்றாள். பிறகு, "இன்னொரு தடவ போடுங்களேன்."

போட்டாள். பாதியில் திரும்பிப் பார்த்தபோது பிரமிளா தூங்கியிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் சற்றுத் திறந்து, மடியில் பொட்டலம் அப்படியே இருந்தது. தினேஸ்வரி படம் முடிந்ததும் திரும்பத் தொடங்குகிற மாதிரி வைத்தாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். கைப்பேசியை எடுத்து, தவளையை வாயை மூடச் சொன்னாள். நாட்காட்டியில் அன்றைக்கு அடைத்திருந்த வேலையை நாளைக்குத் தள்ளினாள். அது எதிர்ப்பு எதுவும் காட்டாமல் நகர்ந்து கொடுத்தது.

தூங்கி எழுந்த பிரமிளா வெட்கப்பட்டாள். இரண்டு பேரும் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

தீபாவளி நெருங்கியபோது 'காத்திருக்கு' வரிசை காலியாக இருந்தது. தினேஸ்வரி ஒன்றும் அதிசயமாக மாறிவிடவில்லை. இன்றைக்கும் இரண்டு படம் தாமதமாகத்தான் போகிறது. இப்போதெல்லாம் தாமதமாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள், அவ்வளவுதான். ஓரத்தில் நிற்பவர்கள் அவள் படங்களில் முன்னைவிட அதிகம் வருகிறார்கள். அந்த மாமா தாளை முணுமுணுக்கும் காட்சியை அவருடைய குடும்பமே கேட்டு வாங்கிப் போனது.

சென்ற மாதம் மகேந்திரன் படியேறி வந்தான், கையில் நாலு புது டிஸ்க்குகளோடு. "தினேஸ், தைப்பூசம் முடிஞ்சு வரிசையா நாலு கல்யாணம் எடுத்தேன். எல்லாத்தையும் சீக்கிரம் முடிச்சுத் தர்றோம்னு சொல்லிட்டேன்."

அவள் பலகையைத் திறந்தாள். பார்த்தாள். எந்தக் கல்யாணத்துக்கும், யாருக்கும், அவள் வாயிலிருந்து அதுவரை வராத சொல் ஒன்று வந்தது.

"முடியாதுண்ணே. ரெண்டு எடுத்துக்குறேன். மத்த ரெண்ட அந்தக் கேஎல் ஆளுக்குக் குடுத்துருங்க."

மகேந்திரன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "சரி லா" என்று சொல்லிவிட்டு, இரண்டு டிஸ்க்குகளை மேசையில் வைத்து, மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே டீ குடிக்கப் போனான்.